மெட்லாக் எங்கே இருக்கு? எங்க வீட்டு டைல்ஸ் பின்னாடி அந்த ஊர் பேர் இருக்கு

கேள்வி: வளவுவீட்டு ஆச்சி

எல்லாருக்கும் வணக்கம். எங்களுக்குக் கானாடுகாத்தான் பக்கம். ஐயா பர்மாவுக்குக் கொண்டுவிக்கப் போய்ச் சம்பாதிச்ச காசுல கட்டுன வீடு. இப்ப பங்காளிக யாரும் அங்க குடியில்ல, விசேஷத்துக்குத்தான் திறக்குறோம். போன மழையில மேல்மாடிக் கூடத்துல ஓதம் ஏறி, சுவர்ல இருந்த பூப்போட்ட டைல்ஸ் ஒரு வரிசை உப்பிக்கிட்டு விழுந்துருச்சு. உடையாம தப்புன ஒண்ணைத் திருப்பிப் பார்த்தா பின்னாடி அச்சு எழுத்து: வில்லெராய் அண்டு போஹ், மெட்லாக். அதுக்குக் கீழ சின்னதா "மேட் இன் ஸார் பேசின்".

சின்ன வயசுலேருந்து எங்களுக்குச் சொல்லி வெச்சது பர்மாத் தேக்கு, பெல்ஜியம் கண்ணாடி, இத்தாலி மார்பிள். டைல்ஸையும் அந்த இத்தாலிக் கணக்குலயே சேத்துருவாங்க. இந்த மெட்லாக்கை யாரும் வாயால சொல்லிக் கேட்டதில்ல. மேப்புல தேடுனா ஜெர்மனியில ஒரு ஆத்தங்கரையில சின்னப் புள்ளியா இருக்கு.

என் மக லக்ஸம்பர்க்ல வேலை பாக்குறா. ஐப்பசியில அவகிட்டப் போறேன். மேப்புப்படி ரொம்பக் கிட்டத்துலதான் தெரியுது. அது ஊரா, இல்ல பேக்டரியைச் சுத்தி நாலு வீடா? போனா பாக்க என்ன இருக்கு? முழங்கால் சொன்ன பேச்சு கேக்காது, அதையும் மனசுல வெச்சுச் சொல்லுங்க.

இன்னொண்ணு. மேல்மாடி நிலையில "துந்துபி வருஷம் தை மாதம்"னு செதுக்கியிருக்கு. எங்க பெரிய பங்காளி, வீடு முழுக்க 1905லயே முடிஞ்சதுன்னு அடிச்சுச் சொல்றாரு. இந்த அச்சை வெச்சு ஏதாவது சொல்ல முடியுமா? காரைக்குடிப் பழஞ்சாமான் வியாபாரி ஒருத்தர் "மிச்சத்தையும் பெயர்த்துக் கொடுங்க, நல்ல விலை"ன்னு நடையா நடக்குறாரு. எனக்கு மனசு வரலை.

பதில்: ஸார்க்கரையான்

ஆச்சி, எனக்குத் தேவகோட்டை, பிழைப்பு ஜெர்மனியில ட்ரியர்ங்கிற ஊர்ல. மெட்லாக் இங்கேருந்து தெக்கால, ரயில்ல முக்கால் மணிக்குள்ள போயிரலாம். ஊருக்கு விருந்தாளி யார் வந்தாலும் அங்கதான் கூட்டிட்டுப் போவேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

முதல்ல உங்க பங்காளி வழக்கைத் தீர்த்துருவோம். முதல் உலகப் போர்ல ஜெர்மனி தோத்ததும் ஸார் ஆத்துப் பகுதியைத் தனியா வெட்டி, 1920லேருந்து 15 வருஷத்துக்குச் சர்வதேச சங்கத்தோட பொறுப்புல விட்டாங்க. அங்க இருந்த நிலக்கரிச் சுரங்கமெல்லாம் பிரான்சு கைக்குப் போச்சு. 1935 ஜனவரியில ஓட்டெடுப்பு வெச்சப்ப நூத்துக்குத் தொண்ணூறுக்கு மேல ஜெர்மனிக்கு விழுந்து, மார்ச்சுல திரும்பவும் அதோட சேந்துச்சு. நடுவுல இருந்த அந்தக் காலத்துச் சாமான்லதான் "ஜெர்மனி"ன்னு போடாம "ஸார் பேசின்"னு இருக்கும். துந்துபி தைன்னா 1923 ஆரம்பம். கச்சிதமாப் பொருந்துது. முகப்பும் வளவும் 1905லயே முடிஞ்சிருக்கலாம், அதுல எனக்குத் தகராறு இல்ல. மேல்மாடி டைல்ஸ் மட்டும் 1920க்கு முன்னாடி உங்க சுவர்ல ஏறியிருக்க வழியே இல்லன்னு அவர்கிட்டச் சொல்லுங்க.

இப்ப ஊர். நிஜமான ஊர்தான். சர்ச்சு, பாலம், ரயிலடி, காப்பிக்கடை எல்லாம் உண்டு. சுத்துப்பட்டுக் கிராமங்களையும் சேத்து ஒரே ஊராட்சியா எண்ணுனாத்தான் 12,000 பேர் தேறும். ஆத்தங்கரை ஊர் மட்டும்னா ரொம்பச் சின்னது. பிரான்சு மலையில பொறந்து வடக்கே ஓடுற ஸார் ஆறு மெட்லாக்குக்குக் கொஞ்சம் மேலால ஒரு கெட்டிப் பாறையில முட்டிக்கிட்டு, கொண்டை ஊசி மாதிரி வளைஞ்சு திரும்பும். பெஸ்ஸரிங்கன்ங்கிற ஊர்லேருந்து மெட்லாக்குக்குக் காக்கா பறந்தா 2 கிலோமீட்டர், தண்ணி ஓடி வர்றது சுமார் 10 கிலோமீட்டர். ஸார்லாந்து மாநிலத்துல எந்த நோட்டீசை எடுத்தாலும் இந்த வளைவுப் படம்தான். ஆனா ரயில்ல உக்காந்து பாத்துரலாம்னு நெனைக்காதீங்க. ரயில் அந்த மலையைக் குடைஞ்சு நேரா மெர்சிக் பக்கம் போயிரும், வளைவு கண்ணுலயே படாது. பாக்கணும்னா ஓர்ஷோல்ஸ்ங்கிற மேட்டு ஊருக்குப் போகணும். அங்க க்ளோஃப்னு ஒரு பாறை முனை, ஆத்துலேருந்து 180 மீட்டர் உசரம். பக்கத்துலயே 2016ல மர உச்சிகளுக்கு நடுவுல ஒரு மரப்பாதை போட்டாங்க, கடைசியில 42 மீட்டர் கோபுரம். படிக்கட்டு கிடையாது, சுத்திச் சுத்திச் சரிவா ஏறும். சக்கர நாற்காலியே போகுது, உங்க முழங்காலும் ஒத்துக்கும். மோன்க்ளேர் கோட்டை மட்டும் வேண்டாம். வளைவு நடுவுல இருக்குற முகட்டுல இடிஞ்சு கிடக்கு, காட்டுக்குள்ள ஏறணும்.

வர்றவங்க பாதிப்பேர் அந்த வளைவைப் படம் பிடிச்சுட்டு அப்படியே கெளம்பிர்றாங்க. எனக்கு அது ஆத்திரமா வரும். ஊருக்குள்ள, பழைய மடத்துத் தோட்டத்துல எண்பட்டைக் கோபுரம் ஒண்ணு நிக்குது. "பழைய கோபுரம்"னே பேரு. 990கள்ல லியோஃபின்ங்கிற மடத்துத் தலைவர் கட்டுனது. அந்த மாநிலத்துல இன்னைக்கும் எழுந்து நிக்குற கல் கட்டடத்துல இதுதான் மூத்தது. தஞ்சாவூர்ல ராஜராஜன் 985ல பட்டத்துக்கு வந்தாரு, பெரிய கோயில் 1010ல முடிஞ்சுது. இடைப்பட்ட அதே காலம்தான். பக்கத்துல வெச்சுப் பாத்தா இது பொடிசு. வெளிச்சுவரைத் தாங்க முட்டுக்கால் கட்டியிருக்காங்க. அழகுன்னு சொல்ல மாட்டேன். ஆனா உள்ள நின்னா வேற எதையும் பாக்கத் தோணாது.

அது யாருக்குக் கட்டுனதுன்னா, லுட்வினஸ். 7ஆம் நூற்றாண்டுக் கடைசியில அந்த மடத்தை ஆரம்பிச்ச பிரபு, பின்னாடி ட்ரியர் பிஷப்பா இருந்து புனிதர் ஆனவரு. வேட்டைக்கு வந்த எடத்துல வெயில்ல தூங்கிட்டாராம், ஒரு கழுகு வந்து ரெக்கையை விரிச்சு நிழல் கொடுத்துச்சாம். நம்ம ஊரா இருந்தா நாகம் படமெடுத்துருக்கும். அந்த எடத்துலதான் மடம். அவர் பேர்ல இப்ப இருக்குற பெரிய சர்ச்சு பிற்பாடு வந்தது, 1905 வாக்குல முடிஞ்சுது. செலவுல போஹ் குடும்பத்துக்குப் பங்கு உண்டு. உள்ள மொசைக் வேலைப்பாடு. பின்ன, டைல்ஸ்காரங்க கட்டுன சர்ச்சுல வேற என்ன இருக்கும்!

ஆத்தோரமா நூறு மீட்டருக்கு மேல நீளமா ஒரு செம்மண் நிறக் கல் மாளிகை தெரியும். அதுதான் மடத்தோட கடைசிக் கட்டடம், க்ரெட்ஸ்ச்மார்ங்கிற சிற்பி 18ஆம் நூற்றாண்டுல எழுப்புனது. பிரெஞ்சுப் புரட்சிப் படை வந்ததும் துறவிங்க ஓடிட்டாங்க, மடம் ஏலத்துக்கு வந்துச்சு. 1809ல ழான் ஃபிரான்சுவா போஹ் அதை வாங்கிப் பீங்கான் ஆலை வெச்சாரு. 1836ல போட்டியாளரான வில்லெராயோட கூட்டு. அப்பலேருந்து அந்தப் பேரு. கம்பெனித் தலைமை ஆபீசு இன்னைக்கும் அந்த மடத்துக்குள்ளதான்.

ஆச்சி, உங்க மக இருக்குற ஊருக்கும் இதுக்கும் தொடுப்பு இருக்கு. போஹ் குடும்பம் லக்ஸம்பர்க்ல செப்ஃபோந்தேன்ங்கிற எடத்துல 1767ல, பேரரசி மரியா தெரசா காலத்துல ஆலை வெச்சவங்க. அதுக்கும் முன்னாடி 1748ல லொரேன்ல ஒரு கிராமத்துலதான் தொடக்கம். லக்ஸம்பர்க் பிரபுவும் பொஹீமியா ராஜாவுமான "குருட்டு" யோஹான், கண்ணு தெரியாமலே 1346ல கிரெஸி போர்க்களத்துக்குப் போய்ச் செத்தவரு. புரட்சிக் காலத்துல அவரோட எலும்புகளைக் கல்லறையிலேருந்து எடுத்து ஒளிச்சு வெச்சாங்க. அது கைமாறி போஹ் குடும்பத்துக்கிட்ட வந்து, மெட்லாக் ஆலைக்கே வந்து சேந்துச்சு. ஒரு ராஜாவோட எலும்பு, தட்டும் கிண்ணமும் செய்யுற எடத்துல! 1833ல ப்ரஷ்ய இளவரசர் வந்தப்ப அவர்கிட்டக் கொடுத்தாங்க. அவர் ஷிங்கல்ங்கிற கட்டடக் கலைஞரைக் கொண்டு ஆத்தோரம் காஸ்டல்ங்கிற எடத்துப் பாறையில ஒரு சின்னக் கோயில் அமைச்சு 1838ல அடக்கம் பண்ணுனாரு. நன்றிக்கடனா மெட்லாக் தோட்டத்துக்கு ஒரு நீரூற்றும் கொடுத்தாரு, ராஜா சிலையோட. இப்பவும் இருக்கு. எலும்பு 1946ல லக்ஸம்பர்க் பேராலயத்துக்குப் போயிருச்சு. மக வீட்டுலேருந்து பஸ்ஸுல போய்க் கும்பிட்டுட்டு வந்துரலாம், அங்க பஸ்ஸுக்கு டிக்கெட்டும் கிடையாது.

டைல்ஸுக்கு வர்றேன். மெட்லாக்குக்கு மேற்கே மோசல் ஆத்தங்கரையில நென்னிக்னு ஒரு கிராமம். 1852ல ஒரு விவசாயி மண்ணைத் தோண்டுனப்ப ரோமாபுரிக் காலத்துத் தரை வெளிப்பட்டுச்சு. 3ஆம் நூற்றாண்டு மொசைக், ஏறக்குறைய 160 சதுர மீட்டர். சண்டைக்காரங்க, மிருகங்க, தண்ணியால ஊதுற ஆர்கன் வாசிக்கிற ஆளுன்னு ஒரே கூத்து. ஒய்கன் போஹ் அதைப் பாத்துட்டுத்தான் அப்படி ஒரு தரையை ஆலையில செய்யணும்னு இறங்குனாருன்னு சொல்லுவாங்க. தரைக்குப் போடுற மெட்லாக் கல்லுல, தூளாக்குன களிமண்ணை நிறம் நிறமா அச்சுச் சட்டத்துக்குள்ள கொட்டி, ஈரம் இல்லாமலே அழுத்தி, கடுஞ்சூட்டுல சுடுவாங்க. மேலாக வரைஞ்ச படமில்ல, நிறம் ஆழம் வரைக்கும் போகும். அதனாலதான் நூறு வருஷம் மிதிச்சாலும் பூ அழியாது. 1860ல ரயில் வந்துருச்சு, 1869ல மொசைக் ஆலை வந்துருச்சு, அப்புறம் சரக்கு எங்க வேணாலும் போகலாம்தானே. கொலோன் பேராலயத்துப் பலிபீடப் பக்கத் தரை இவங்க வேலைதான்.

நென்னிக் போனா அப்படியே ஷெங்கன் கிராமத்தையும் எட்டிப் பாருங்க, அதே மோசல் கரையில லக்ஸம்பர்க் பக்கம். 1985ல அங்க ஒரு படகுல கையெழுத்தான ஒப்பந்தத்து விசாவுலதானே நீங்க வரப்போறீங்க.

பதில்: முனீஸ்வரன் கோயில் தெரு

ஸார்க்கரையான் அண்ணன் நல்லா எழுதியிருக்காரு. ஒரு எச்சரிக்கை மட்டும். இதைப் படிச்சுட்டு எல்லாரும் வீட்டு டைல்ஸை ஜெர்மனின்னு சொல்ல ஆரம்பிச்சுருவீங்க. செட்டிநாட்டுல பூவும் மயிலுமா எடுப்பா, மேடுபள்ளத்தோட பளபளன்னு இருக்குற சுவர் டைல்ஸ்ல நிறைய ஜப்பான் சரக்கு. இங்கிலாந்துச் சரக்கும் உண்டு. பின்பக்கம் பாக்காம பேசாதீங்க. பாக்குறதுக்காகப் பெயர்க்கவும் செய்யாதீங்க, தானா விழுந்ததைப் பாருங்க.

"மேட் இன் ஜெர்மனி"ன்னு இருந்தாலும் ஒரு கணக்கு உண்டு. வெளிநாட்டுச் சரக்குல எந்த நாடுன்னு போடணும்ங்கிற சட்டத்தை இங்கிலாந்து 1887ல கொண்டுவந்துச்சு. அந்த எழுத்து இருந்தா சரக்கு அதுக்குப் பிந்துனது.

விலை பத்தி: ஒத்தை டைல்ஸுக்கு வியாபாரி சொல்ற காசு பெரிசாத் தெரியும். முழுச் சுவர் ஒரே வரிசையா நிக்குற வீடு வருஷத்துக்கு வருஷம் குறைஞ்சுக்கிட்டே வருது. நானும் காரைக்குடியில பழஞ்சாமான் கடை வெச்சிருக்கவன்தான், சொல்றேன்: கொடுக்காதீங்க ஆச்சி.

பதில்: ஆத்தங்குடி அச்சுக்காரன்

வணக்கம் ஆச்சி. எங்க வீட்ல மூணு தலைமுறையாக் கல்லு போடுறோம். அண்ணன் சொன்ன கல்லு வேற சாதி, நம்ம கல்லு வேற சாதி. நம்மளுது சூளைக்கே போகாது. கண்ணாடித் தட்டுமேல அச்சை வெச்சு, சாயம் கலந்த சிமெண்டுப் பாலைக் கட்டம் கட்டமா ஊத்தி, அச்சைத் தூக்கிட்டு, மேல மணலும் சிமெண்டும் போட்டு மட்டம் பண்ணி, தண்ணித் தொட்டியில ஊற வெச்சுக் காயப் போட்டா கண்ணாடி தானா விட்டுரும். வழவழப்பு அந்தக் கண்ணாடி கொடுக்குறது. உங்க மேல்மாடியில விழுந்தது சுட்டு, பளபளப்புப் பூசுன கல்லு. அந்த இடத்துக்கு நம்ம கல்லை வெச்சா நிறம் ஒத்துப் போனாலும் பளபளப்பு ஒத்துப் போகாது. வியாபாரம் போனாலும் பரவாயில்ல, உள்ளதைச் சொல்லணும்.

முக்கியமா, விழுந்ததைத் திரும்ப ஒட்ட சிமெண்டு வைக்க விட்டுறாதீங்க. அது சுண்ணாம்புச் சுவரு. சிமெண்டு ஓதத்தை வெளிய விடாது, உள்ளயே தேங்கி உப்புப் பூத்துப் பக்கத்து வரிசையும் தள்ளிக்கிட்டு வரும். சுண்ணாம்புச் சாந்துதான். அதுக்கும் முன்னாடி மேல ஏறிக் கூரையைப் பாருங்க. மேல்மாடிக் கூடம் நனைஞ்சிருக்குன்னா பெரும்பாலும் ரெண்டு கூரைச் சரிவும் சேர்ற கூடல்வாய்த் தகரம் ஓட்டையா இருக்கும், இல்ல சருகு அடைச்சிருக்கும். அதைச் சரி பண்ணி, சுவர் ஒரு கோடை முழுக்கக் காயட்டும். அதுவரைக்கும் டைல்ஸைப் பேப்பர்ல சுத்தி நிக்க வெச்சு அடுக்குங்க, படுக்க வெச்சுக் குமிக்காதீங்க. கறை போக ஆசிட் ஊத்துறேன்னு யாராவது வந்தா வாசல்லயே திருப்பி அனுப்பிருங்க.

பதில்: வளவுவீட்டு ஆச்சி

தம்பிமார் எல்லாருக்கும் ரொம்ப சந்தோஷம். துந்துபிக் கணக்கைப் பங்காளிகிட்டப் படிச்சுக் காமிச்சேன். "அப்ப மேல்மாடி எங்க சின்னையா கலியாணத்துக்குக் கட்டுனதா இருக்கும்"னு இப்ப புதுக்கதை சொல்றாரு. இருக்கட்டும்.

கூடல்வாய்க்கு ஆள் சொல்லியாச்சு, நீங்க சொன்னபடியே சருகுதான் அடைச்சிருந்துச்சு. வியாபாரிகிட்ட இல்லைன்னு சொல்லிட்டேன்.

ஸார்க்கரைத் தம்பி, இன்னும் ரெண்டு கேள்வி. உடைஞ்ச துண்டு ஒண்ணை எடுத்துட்டு வந்து அந்தக் கம்பெனியில காட்டுனா, எந்தக் கப்பல்ல, யார் வாங்கி அனுப்புனாங்கன்னு பழைய கணக்குப் புஸ்தகத்துல பாத்துச் சொல்லுவாங்களா? நாங்க சைவம், அங்க என்ன சாப்பிடுறது?

பதில்: ஸார்க்கரையான்

ஆச்சி, துண்டைத் தூக்கிட்டு வராதீங்க, பெட்டி எடைதான் ஏறும். பின்பக்கத்தையும் முன்பக்கத்தையும் வெளிச்சத்துல வெச்சுப் படம் எடுத்து, பக்கத்துல ஒரு அடிக்கோலை வெச்சு அளவு தெரியுற மாதிரி கொண்டுவாங்க. கணக்குப் புஸ்தகத்தை நம்பி வராதீங்க. 1921ல மெட்லாக்குல ஒரு பெரிய தீ விபத்து, பழைய ஆவணமும் அச்சும் அதுல போயிருச்சுன்னு மெட்லாக் பீர்க் குவளை சேக்குறவங்க எல்லாரும் புலம்புவாங்க. டைல்ஸ் பிரிவுலயும் பெரும்பங்கு 2007ல துருக்கிக்காரங்க கைக்கு மாறிருச்சு. கப்பல் விவரம் கெடைக்கணும்னா உங்க வீட்டுப் பெட்டகத்துலதான் கெடைக்கணும். மெட்ராஸ் ஏஜெண்டு பில்லு, ரங்கோன் கடை ஐந்தொகை, அந்தக் காலத்து லெட்டருன்னு ஏதாவது கட்டு இருக்கான்னு பாருங்க. நம்மாளுங்க ஒரு அணா கணக்கையும் தூக்கிப் போட்டதில்ல. பெட்டகசாலைச் சாவி யார்கிட்ட இருக்குன்னு பங்காளியைக் கேளுங்க, புதுக்கதைக்குப் பதிலா அவருக்கு ஒரு வேலையாவது ஆகும்.

சாப்பாடு: அந்தப் பக்கம் உருளைக்கிழங்கு ராஜ்ஜியம். ஆனா டிப்பலாப்பஸ்னு உருளைக்கிழங்குப் பண்டம் ஒண்ணு கொடுப்பாங்க, பாத்தா சைவம் மாதிரியே இருக்கும், பன்னிக்கறி போட்டிருப்பாங்க. கேக்காம வாயில வைக்காதீங்க. மககிட்டச் சொல்லிப் புளிசாதம் கட்டிக்கங்க, தோட்டத்துல பெஞ்சு இருக்கு, கோபுரத்துக்கு எதுக்க உக்காந்து சாப்பிடலாம்.

ஞாயித்துக்கிழமை வேண்டாம், ஜெர்மனியில கடையெல்லாம் பூட்டிருக்கும். சனிக்கிழமை காலையில கெளம்புங்க. லக்ஸம்பர்க்ல இலவசம்ங்கிறது எல்லையோட சரி, அதுக்கு அப்புறம் டிக்கெட் எடுக்கணும். ட்ரியர்ல மாறி ஸார்ப்ரூக்கன் வண்டி. முதல்ல ஓர்ஷோல்ஸ் போயிருங்க, மெட்லாக் ரயிலடிகிட்டயிருந்து பஸ் உண்டு. ஐப்பசியில காலைப் பனி மூட்டம் ஆத்தை மூடிக்கிடக்கும், பத்து மணிக்கு மேல போனாத்தான் வளைவு தெரியும். மத்தியானத்துக்கு மேல கோபுரம், மடம், சர்ச்சு. நென்னிக்கை அதே நாள்ல திணிக்காதீங்க, ரயில் பஸ்ஸுன்னு சுத்து வழி. இன்னொரு நாள் கார்ல ஷெங்கனோட சேத்துப் போங்க, மொசைக் மண்டபம் குளிர்காலத்துல மூடிருவாங்க, போறதுக்கு முன்னாடி நேரத்தை மகளைப் பாக்கச் சொல்லுங்க. திரும்பும்போது ட்ரியர்னு போர்டு போட்ட வண்டியில ஏறுங்க, அவசரத்துல எதிர்வண்டியில ஏறிட்டா சுரங்கத்துக்குள்ள புகுந்து மெர்சிக்ல போய்த்தான் எந்திரிப்பீங்க.